என் மகள் திருப்பதியில் இருப்பதாகச் சொன்ன வருஷங்கள்

முப்பத்தெட்டு வயதில் நான் மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்குள் நான் நுழைந்தால் உட்கார்ந்திருக்கிற தரகர்கள் எழுந்து நிற்பார்கள். அஞ்சாம் கிளாஸோடு மிஷன் பள்ளிக்கூடத்தை விட்டவன், கூடை சுமந்து ஆரம்பித்தவன், அந்த வயதுக்குள் சித்தூரில் மனை வாங்கி அஸ்திவாரமும் போட்டுவிட்டேன். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறார்கள். பெருமைப்படுகிற அளவுக்கு நான் உழைத்திருக்கிறேன்.

என் ஒரே மகள் தன்னுடைய முப்பத்தெட்டாவது வயதில் ஒருநாள் மத்தியானம் திருப்பதியிலிருந்து போன் பண்ணினாள். தான் இன்னும் தொடக்க நிலையில் இருக்கிற ஆராய்ச்சியாளர்தான் என்று டெல்லியில் இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு என்னால் ஓர் உதவி ஆகவேண்டும் என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அவள் டாக்டர் பட்டம் வாங்கியபோது சபை முழுவதற்கும் பிரியாணி போட்டவன் நான். எங்கள் கோயிலில் காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. இரண்டு கூட்டத்துக்கும் போட்டேன். கேட்டில் அவள் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு கிரானைட் கல் பதித்தேன். அவள்தான் வந்து சண்டை போட்டுக் கழற்ற வைத்தாள். அப்படிப்பட்டவள் இப்போது ஆரம்பக்காரி ஆக வேண்டுமாம். அதற்கும் சிபாரிசு வேண்டுமாம்.

போனில் அவள் விளக்கியது எனக்குப் பிடிபடவில்லை. நேரில் வருகிறேன் என்றேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

என்னிடம் கார் இருக்கிறது. ஆனாலும் திருப்பதிக்கு நான் பஸ்ஸில்தான் போவேன். காரில் போனால் சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்காருவார்கள். அன்று உட்கார்ந்தவர் மலைக்குப் போகிற தமிழ்நாட்டுக்காரர். என் மகள் திருப்பதியில் சயன்டிஸ்ட், மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று சொன்னேன். உண்மையில் அவள் ஆராய்ச்சி பண்ணுவது பாசியை. தண்ணீர்த் தொட்டியில் வழுக்குமே, ஆள் வைத்துத் தேய்த்துக் கழுவுவோமே, அதே பாசி. அதைக் கண்ணாடிக் குடுவைகளில் போட்டு, விளக்கு வைத்து, குழந்தை மாதிரி வளர்க்கிறாள். அதிலிருந்து ஏதோ எடுக்கலாம் என்கிறாள். அது மருந்தாகவும் இருக்கலாம். அதனால் நான் சொன்னது முழுப் பொய் ஆகாது.

பல்கலைக்கழகத்துக்குக் கீழே ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் அவளுக்கு ஒரு ரூம். லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்த உடனே அவள் தலையைத்தான் பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில் நரைத்திருந்தது. அவள் அம்மாவுக்கும் அந்த இடத்தில்தான் முதலில் நரைத்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் பார்க்கிற வேலை அவ்வப்போது புதுப்பிக்கிற வேலை. வேறு யாரோ பெரிய புரொபசருக்கு வருகிற பணத்தில் இவளுக்குச் சம்பளம். அவர் பணம் நின்றால் இவள் சம்பளமும் நிற்கும். சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் வைத்து, தான் நினைத்ததைச் செய்ய வேண்டும் என்றால், டெல்லியிலிருந்து தன் பேரிலேயே பணம் வாங்க வேண்டும்.

"பெரியவங்களோட ஒரே பந்தியில உக்காந்தா எனக்கு இலையே கெடைக்காது நைனா. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குன்னு தனிப் பந்தி ஒண்ணு இருக்குது. அதுல எனக்கு எடமில்லன்னு சொல்லப்போறாங்க."

"ஏன், வயசாயிடுச்சின்னா?"

"வயசக் கேக்கல. பட்டம் வாங்கி எத்தினி வருஷம் ஆச்சின்னு கேக்கறாங்க. அந்தக் கெடு எனக்குத் தாண்டிப்போச்சி. ஆனா நடுவுல வேலைய விட்டுட்டு வீட்ல நோயாளியப் பாத்துக்கினு இருந்திருந்தா, அந்த வருஷத்தக் கழிச்சிக்கலாம்னு ஒரு விதி இருக்குது. அம்மாவப் பாத்துக்கினு இருந்தத கழிச்சா நான் உள்ள வந்துடுவேன்."

இதற்கா இத்தனை இங்கிலீஷ் என்று எனக்குத் தோன்றிற்று. பலமனேர் ரோட்டில் ஒரு தோத்தாபுரி மாந்தோப்பை நான் குத்தகைக்கு எடுத்திருந்தேன். நடுவில் ஒரு வருஷம் சூறைக்காற்றில் பிஞ்செல்லாம் கொட்டிப்போயிற்று. குத்தகை முடிகிற அன்றைக்குத் தோப்புக்காரன் வந்து நின்றான். காய்க்காத வருஷத்தை நீ எப்படி எண்ணுவாய் என்று மண்டியில் நாலு பேரை வைத்துக் கேட்டு, இன்னொரு வருஷக் காய்ப்பை வாங்கினேன். அதை அவளிடம் சொல்லி, "கொட்டிப்போன வருஷத்த எண்ணாதேன்றே. அவ்ளோதானே?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அவ்ளோதான். நீயே வந்து என் இன்டர்வியூல உக்காந்துக்கோ."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பணம் வந்தால் ஆய்வுக்கூடத்தை இந்தப் பக்கமே வைத்துக்கொள்ளலாம், திருச்சானூர் ரோட்டில் எனக்குத் தெரிந்தவர் கட்டடம் இருக்கிறது, வாடகை குறைத்துப் பேசலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் டீ டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த விதியைச் சொன்னாள். பட்டம் வாங்கிய இடத்திலேயே அந்தப் பணத்தை வாங்கக்கூடாதாம். வேறு ஊருக்குப் போய்த்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். கோவாவில் கடல் பாசி பார்க்கிற ஓர் இடத்தில் இவளைச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"கோவாவா? எல்லாரும் குடிக்கப் போற ஊராச்சே அது."

"நான் கடல் தண்ணியதான் குடிக்கப்போறேன். கவலப்படாத."

 சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் இருக்கிற தூரம் எனக்குப் பழகியிருந்தது. நினைத்தால் போகலாம் என்று நினைத்துக்கொண்டே போகாமல் இருக்கலாம். கோவா அப்படி இல்லை.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். அந்த வருஷங்களில் அவள் சித்தூர் வீட்டில் இருந்து தாயைப் பார்த்துக்கொண்டாள் என்று, குடும்பத்துக்கு வெளியே இருக்கிற பொறுப்பான ஆள் ஒருவர் எழுதித் தர வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் எல்லாம் என் கையெழுத்துத்தான் இருந்தது. அவள் லீவு போட்ட காகிதமும் கிடையாது. லீவு போடுவதற்கு வேலை என்று ஒன்று இருக்க வேண்டும். பழைய புராஜெக்ட் முடிந்து, புதியதற்கு வா என்று கூப்பிட்ட நேரத்தில்தான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இவள் வர முடியாது என்று வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். நம்ம சபைப் போதகரிடம் வாங்கித் தருகிறாயா, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், இந்தத் தடவை விட்டால் அப்புறம் எந்தக் கழிவும் என்னைக் காப்பாற்றாது என்றாள். இதென்ன பெரிய காரியம், அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலில் விடுகிற ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நான் என்ன விலைக்கு எடுப்பேன் என்று அந்தப் போதகரையே கேள், நான் சொன்னால் மறுப்பாரா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தவன் உடனே போகவில்லை. மண்டியில் சீசன் நேரம், உண்மைதான். ஆனால் மண்டியை இப்போது ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். விஷயம் வேறு. அதுவரைக்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, சரி வைக்கிறேன், அவ்வளவுதான். கடிதம் கேட்ட பிறகு தினமும் பண்ணினாள். முதலில் கடிதத்தைக் கேட்பாள், நாளைக்குப் போகிறேன் என்பேன். அதற்கப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும். குடுவை ஒன்று உடைந்ததைச் சொல்வாள். கீழ் வீட்டில் மொட்டை அடித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளையை அவன் குழந்தையே அடையாளம் தெரியாமல் அழுததைச் சொல்வாள். அம்மா ஊறுகாய் போடுகிற பக்குவத்தை என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று அவளுக்கே தெரியும், இருந்தாலும் கேட்டாள். சாயங்காலம் ஆனால் போனைச் சத்தமாக வைத்துவிட்டு ஹாலிலேயே உட்கார்ந்திருப்பேன். மேலும் கீழுமாகக் கட்டிய வீடு. தரைக்கெல்லாம் குப்பம் ஊர் கிரானைட் கல். நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே திரும்பி வரும்.

ஒரு சாயங்காலம் அவள் கடிதத்தைக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "நைனா, உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடு. நான் வேற யோசிக்கறேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது பேசுவாளே, அந்தக் குரல். மறுநாள் காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் போதகர் வேலூர்ப் பக்கத்து ஆள். சின்ன வயசு. என் மனைவியின் கடைசி வருஷத்தில்தான் எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்தார். சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து அவளுக்காக ஜெபம் பண்ணுவார். காபி குடித்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, நான் ஒரு வருஷம் உங்க வீட்டுக்கு வந்திருக்கேன். பாப்பாவ அங்க ஒரு தடவகூடப் பாத்ததில்ல. திருப்பதியில சயன்டிஸ்டா இருக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அடக்க ஆராதனையில கூட, திருப்பதியிலருந்து வந்திருக்கற மகள்னு சொல்லித்தான் நான் ஜெபம் பண்ணேன். இப்ப இங்கதான் இருந்துச்சுன்னு எப்படி எழுதுவேன்?"

அதற்கு என்னிடம் இருந்த பதிலை அவரிடம் சொல்ல முடியாது. இங்கே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில், படித்த பெண் கல்யாணம் ஆகாமல் வீட்டில் இருந்தால் ஜனங்களுக்குக் கேள்வி வரும். வேலை போய்விட்டதா, பட்டம் நிஜமா, ஏதாவது நடந்துவிட்டதா என்று. தாயைப் பார்க்க வந்திருக்கிறாள் என்றால், அதற்கு நர்ஸ் வைக்க உனக்கு வசதி இல்லையா என்பார்கள். வசதி இல்லையா என்று யாராவது என்னைக் கேட்பதா? நர்ஸ் வைத்தோம். ஒவ்வொருத்தியும் ஒரு மாதம் தாங்கவில்லை. என் மனைவியும் மகள் கையால் தவிர வேறு யார் கையாலும் சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாள். இதையெல்லாம் மண்டியில் நின்று விளக்க முடியுமா? மகள் எங்கே என்று முதல் தடவை ஒருவன் கேட்டபோது திருப்பதியில் என்று சொன்னேன். ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் அதையேதான் சொல்ல வேண்டும். மகளுக்கும் தெரியும். கேட் திறக்கிற சத்தம் கேட்டால் அவளே தாயின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்திருப்பாள். "நான் மேல போறேன். உன் சயன்டிஸ்ட் பொண்ணப் பத்தி நீ சொல்லிக்கினு இரு" என்பாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். போதகர் வந்தபோதும் அப்படித்தான். அவர் கீழே ஜெபம் பண்ணும்போது அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

இன்றைக்குக் கேட்டாலும் நான் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். என் மகளின் பேர் கெடாமல் காத்தேன். அந்தப் பேர்தான் இப்போது வழியை மறித்துக்கொண்டு நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

போதகர் ஒரு வழி சொன்னார். அவர் பார்க்கவில்லை என்றாலும் சபையில் யாராவது பார்த்திருக்கலாம். அவர்கள் எல்லார் முன்னாலும் சொன்னால், சபைக்குத் தெரிந்தது என்று அவர் எழுதலாம். எங்கள் ஆராதனையில் சாட்சி சொல்வதற்கென்று ஒரு நேரம் உண்டு. தனக்குக் கிடைத்த நன்மையை எழுந்து நின்று சொல்லலாம். "ஞாயித்துக்கிழமை நீங்க மொதல்ல எழுந்து சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

சாட்சி நேரத்தில் நான் எழுந்து நிற்பது புதிதல்ல. புது லாரி வாங்கினால் நிற்பேன். ஜூஸ் பாக்டரி ஒப்பந்தம் கிடைத்தால் நிற்பேன். கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தபோது நின்றேன். அந்த ஃபேனுக்குக் கீழேதான் எப்போதும் உட்காருவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது, இவன் இந்தத் தடவை என்ன வாங்கினான் என்கிற மாதிரி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் வரவில்லை. நான்தான் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "எங்க வீட்டம்மா படுத்துக்கினு இருந்த காலத்துல, எம் பொண்ணு திருப்பதியில வேலையா இருக்குதுன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். அது திருப்பதியில இல்ல. வீட்லதான் இருந்துச்சி. அம்மாவ அதுதான் பாத்துக்கிச்சி. குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம். நான் பாக்கல. யாராவது பாத்திருந்தா சொல்லுங்க."

நான் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

 மேலே என்னுடைய ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் புடவை சரசரத்தது. எங்கள் பின் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிற அம்மா எழுந்து நின்றாள். என்னைவிடச் சின்னவள். எங்கள் மாடியும் அவள் மாடியும் பக்கத்துப் பக்கத்தில்.

"உக்காருங்கண்ணா. தெனம் மாடியில பெட்ஷீட் தொவச்சிப் போட்டது யாருன்னு நெனச்சீங்க? நீங்களா? காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. மழ வந்தா நான்தானே கூப்புடுவேன், பாப்பா துணிய எடுன்னு."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். மருந்துக் கடைக்காரர் எழுந்தார். வாரா வாரம் பாப்பா முக்காடு போட்டுக்கொண்டு வந்து மருந்து வாங்கிப் போகும், பில் போடும்போது பேர் கேட்டால் அம்மா பேரைச் சொல்லும் என்றார். தண்ணீர் கேன் போடுகிறவர், கதவைத் திறந்து கேனை வாங்கியதே அதுதான் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். அப்புறம் பாட்டுக்குழுவில் ஒரு பெண். அப்புறம் இன்னொருத்தர். சொல்லப்போனால் எங்கள் தெருவில் தெரியாதவர்களே இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. "அப்ப ஏம்மா ஒருத்தரும் சொல்லல?" என்று மாவுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"நீங்க திருப்பதின்னீங்க. பெரிய மனுஷன் சொல்லும்போது நாங்க இல்லன்னு சொல்ல முடியுமா? நாங்களும் திருப்பதின்னே சொல்லிக்கினு இருந்தோம். பாப்பாவுக்கு சம்பந்தம் பேசணும்னு பாலசமுத்திரத்துலருந்து விசாரிக்க வந்தவங்களுக்குக்கூட திருப்பதின்னுதான் சொன்னேன்."

அப்போது எல்லாருமே சிரித்துவிட்டார்கள். போதகர்கூட. அது கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் நான் உட்கார்ந்தபோது என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது கண்ணில் பட்டது. அந்த ஃபேனுக்குக் கீழே எப்போதும் நான் தனியாகத்தான் உட்காருகிறேன், யாரும் நெருங்கி உட்காருவதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மரியாதைக்கு விட்ட இடம்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போதகர் அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பக் கற்றுக்கொண்டதும் அன்றுதான். அவள் உடனே கூப்பிட்டாள். காலையில் கோயிலில் என்ன நடந்தது என்று அதற்குள் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். 

"நைனா, அத நீ எல்லார் எதுருலயும் சொல்லியிருக்க வேணாம்."

"பின்ன யார் சொல்றது? நம்ம வீட்ல பேசறவன் நான்தானே" என்றேன்.

கடிதம் போனது. கெடுவில் அந்த வருஷங்களைக் கழித்துக்கொண்டார்கள். என் மகள் தொடக்க நிலை ஆராய்ச்சியாளர்தான் என்று டெல்லியில் ஒத்துக்கொண்டார்கள். அதன்பிறகு தினமும் வந்த போன் குறைந்தது. இன்டர்வியூவுக்குப் படிக்க வேண்டுமே. மண்டியில் விஷயத்தைச் சொன்னேன். என் பொண்ணு இப்பத்தான் ஆரம்பிக்கிறாள் என்று சொன்னதும், நாற்பது வரப்போகிறது இப்பத்தான் ஆரம்பமா என்று ஒரு தரகன் கேட்டான். உனக்கு அறுபது ஆகிறது, நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்றேன். மண்டியே சிரித்தது. அந்தப் பதிலை அவளிடம் சொல்ல வேண்டும் என்று சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். அன்றைக்கு அவள் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டிருக்கலாம். படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

பணம் கிடைத்துவிட்டது. மழைக்கால ஆரம்பத்தில் அவள் கோவாவுக்குப் புறப்பட்டாள். ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு நான் காரிலேயே போனேன். அவளுடைய சாமான்களை ஏற்ற வேண்டுமே. இரண்டு பெட்டி, ஒரு பக்கெட், அப்புறம் துணியில் சுற்றிய ஒரு சின்னக் குடுவை. பாசியை மட்டும் தன் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நரையை அவள் மறைக்கவில்லை. ஆனாலும் காலேஜுக்கு முதல் நாள் போகிற பெண் மாதிரி முகம் இருந்தது. ஆரம்பம் என்று டெல்லியில் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"வாரா வாரம் கூப்புடறேன் நைனா. மாத்திரய மறக்காத."

தினமும் கூப்பிடு என்று சொல்ல வாய் வந்தது. "ஏதாவது லெட்டர் கிட்டர் வேணும்னா ஒடனே போன் பண்ணு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியில் இருந்த என் கையின்மேல் தன் கையை வைத்து எடுத்தாள். திரும்பி வரும்போது காரில் பேச ஆள் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டு வேலைக்கு வருகிற பெண்மணியும் பிரசவத்துக்கு வந்த மகளோடு இருக்க ஊருக்குப் போய்விட்டாள். மெஷினில் துணி போடுவதை நானே கற்றுக்கொண்டேன். மெஷின் துவைத்துவிடும், காயப்போடுவது நாம்தான். ஒருநாள் சாயங்காலம் மாடியில் என் பெட்ஷீட்டைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய பெட்ஷீட். ஒரு முனையைப் பிடித்தால் இன்னொரு முனை தரையில் புரண்டது. இதைத்தானே அவள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தனியாகச் செய்தாள் என்று நினைத்தேன். அந்த மாடிக்கு அப்போது நான் ஏறி வந்ததே இல்லை.

மாவுக்கார அம்மா தன் மாடியில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தாள். கொடியில் பெட்ஷீட்டைப் பார்த்துவிட்டாள். நான் அந்தப் பக்கம் மறைவில் நின்றது முதலில் தெரியவில்லை போலிருக்கிறது. "பாப்பா" என்று கூப்பிட்டாள். நான் பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"நீங்களாண்ணா? பாப்பா வந்திருக்குதா?"

"இல்லம்மா. கோவாவுல இருக்குது."

"கோவாவுலயா." அவள் எங்கள் மாடிக் கதவைப் பார்த்தாள், பெட்ஷீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "சரிண்ணா, சரி. கோவாதான். யார் கேட்டாலும் கோவான்னே சொல்லிடறேன்."

மெய்யாகவே கோவாதான் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் இன்னும் நம்ப மாட்டாள். அதனால் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. மாவுக்கார அம்மாதான். கையில் இரண்டு கிண்ணம். பெரியதில் மீன் குழம்பு. சின்னதிலும் மீன் குழம்புதான், நிறம் மட்டும் வெளுத்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாப்பாவுக்குக் காரம் ஆகாதே. அதுக்குத் தனியா எடுத்து வச்சேன்" என்று சொல்லிவிட்டு, மாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

காரமில்லாததை முதலில் சாப்பிட்டேன். என் மகளுக்குக் காரம் ஆகாது என்று இந்தத் தெருவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியுமா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். காலையில் கிண்ணங்கள் இரண்டையும் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு பின் தெருவுக்குப் போனேன். அவள் மாவு அளந்துகொண்டிருந்தாள். சின்னக் கிண்ணத்தை மேலே வைத்து நீட்டினேன்.

"கொழம்பு நல்லா இருந்துச்சின்னு பாப்பா சொல்லிச்சி" என்றேன்.